சட்டத்தில் இல்லாத பதவி: கடலூர் தந்த முதலாவது முதல்-மந்திரி

சட்டசபைத் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணத் தொடங்கிவிட்டால், டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் ஒரே கேள்விதான். யார் முதல்-மந்திரி?

சென்னை மாகாணத்தில் இந்தக் கேள்வி முதன் முதலாக எழுந்தது 1920-ம் ஆண்டில். அதற்குக் கிடைத்த பதில் ஒரு கடலூர்க்காரரின் பெயர்: அகரம் சுப்பராயலு ரெட்டியார்.

சென்னை மாகாணத்தின் முதலாவது முதல்-மந்திரி அவர்தான். ஆனால் இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. அவர் பதவி ஏற்ற நாளில், முதல்-மந்திரி என்று ஒரு பதவி இருப்பதாக இந்திய அரசாங்கச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது!

சட்டத்தில் இல்லாத பதவி எப்படி வந்தது? அதில் உட்கார்ந்தவருக்கு என்ன அதிகாரம் இருந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், நாட்டு ஆட்சி எப்படி நடக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

பீரங்கி அளந்த பூமி

கடலூருக்கும் ஆங்கிலேயர் ஆட்சிக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரம்! குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது.

அந்தக் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, ஆங்கிலேயர் தங்கள் தலைமை இடத்தைக் கடலூருக்கு மாற்றினார்கள். 1752 வரை இந்தக் கரையோரத்தில் அவர்களுடைய தலைநகரம் கடலூர்தான்.

அந்தக் காலத்தில் ஆட்சி என்றால் மேலிருந்து வரும் உத்தரவு. கம்பெனி சொல்லும், ஊர் கேட்கும். 1858-ல் கம்பெனி போய் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்தது. அப்போதும் உத்தரவு மேலிருந்துதான் வந்தது.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1855-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி பிறந்தவர் சுப்பராயலு ரெட்டியார். நிலபுலம் உள்ள குடும்பம். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்தார். கப்பல் ஏறிக் கடல் தாண்டுவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. படிப்பு முடிந்து திரும்பி வந்து வக்கீல் தொழில் நடத்தினார்.

எழுதாத சட்டம்

அவர் சட்டம் படிக்கப் போன தேசம் ஒரு விசித்திரமான தேசம். இங்கிலாந்தின் அரசியல் சட்டம் எங்கே என்று கேட்டால், இதோ என்று ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்ட முடியாது. இன்றும் முடியாது. நம் நாட்டில் 1950-ல் அமுலுக்கு வந்ததைப் போன்ற ஒரே சட்டப் புத்தகம் அங்கே இல்லை.

அப்படியானால் அந்த நாடு எப்படி நடக்கிறது?

1215-ம் ஆண்டில் ஜான் மன்னர் முத்திரையிட்டுக் கொடுத்த மகா சாசனம் ஒன்று உண்டு. 1689-ல் வந்த உரிமைச் சட்டம் உண்டு. பார்லிமெண்டு அவ்வப்போது செய்த சட்டங்கள் உண்டு. நீதிபதிகள் சொன்ன தீர்ப்புகள் உண்டு. இவை எல்லாம் தனித்தனியே கிடக்கின்றன. இவற்றோடு, எங்குமே எழுதப்படாத வழக்கங்களும் உண்டு.

வழக்கம் என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டில் காதுகுத்து நடக்கிறது. குழந்தை யார் மடியில் உட்கார வேண்டும்? தாய்மாமன் மடியில். இது எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது? எதிலும் இல்லை. ஆனால் தாய்மாமனை ஒதுக்கிவிட்டுக் காது குத்திப் பாருங்கள். கோர்ட்டு தண்டிக்காது, ஊரும் உறவும் சும்மா இருக்குமா?

இங்கிலாந்தின் வழக்கங்களும் அப்படித்தான். பார்லிமெண்டு செய்யும் சட்டத்துக்கு மன்னர் சம்மதம் வேண்டும். மன்னர் மறுக்கலாமா? சட்டப்படி மறுக்கலாம். ஆனால் 1708-ம் ஆண்டுக்குப் பிறகு எந்த மன்னரும் மறுத்ததில்லை. அதுவே வழக்கம் ஆகிவிட்டது.

பிரதம மந்திரி பதவியும் இப்படி வந்ததுதான். 1721-ல் ராபர்ட் வால்போல் முதலாவது பிரதம மந்திரி ஆனார் என்று சொல்லுகிறோம். ஆனால் பிரதம மந்திரி என்ற சொல் பார்லிமெண்டு செய்த சட்டம் ஒன்றில் இடம் பெற்றது 1917-ம் ஆண்டில்தான். அதுவும் பிரதம மந்திரி தங்குவதற்கு ஒரு கிராமத்து மாளிகையை ஒதுக்கும் சட்டம்! சுமார் இருநூறு ஆண்டு காலம் அந்தப் பதவி வழக்கத்திலேயே ஓடியது.

சிதம்பர ரகசியம் என்று நாம் சொல்லுவோம். திரையை விலக்கினால் உருவம் ஒன்றும் தெரியாது. தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். உருவம் இல்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லுவதில்லை. இங்கிலாந்தின் அரசியல் சட்டமும் ஏறக்குறைய அப்படிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

ஜில்லா போர்டில் பயிற்சி

கடலூர் அப்போது தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகரம். சிதம்பரம், விருத்தாசலம், விழுப்புரம், திண்டிவனம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி எல்லாம் அந்த ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தன. (1993-ல்தான் அது கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது.)

இந்தப் பெரிய ஜில்லாவுக்கு உத்தரவு போடுகிறவர் கலெக்டர். ஆனால் 1882-ம் ஆண்டில் ரிப்பன் பிரபு ஒரு புதிய ஏற்பாட்டுக்கு வழி செய்தார். ஊர்க் காரியங்களை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1884-ல் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு ஆகியவை ஏற்பட்டன. ரோடு போடுவது, கிணறு வெட்டுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, ஆஸ்பத்திரி வைப்பது, அம்மை குத்துவது ஆகியவை இவற்றின் வேலை.

சுப்பராயலு ரெட்டியார் பொது வாழ்வைத் தொடங்கியது இங்கேதான். தாலுகா போர்டில் அங்கத்தினர் ஆனார். பிறகு தென்னாற்காடு ஜில்லா போர்டுக்கே தலைவர் ஆனார். முதலில் காங்கிரசில் இருந்த அவர், பிறகு 1916-ல் தோன்றிய நீதிக் கட்சியில் சேர்ந்தார்.

ஜில்லா போர்டு என்பது ஓர் அருமையான பள்ளிக்கூடம். எந்த ஊருக்குப் பாலம் இல்லை, எந்த ஊரில் பள்ளிக்கூடம் ஒழுகுகிறது என்பது தெரியும். அதோடு இன்னொரு பாடமும் தெரிந்துவிடும். வேலையை நம்மிடம் கொடுத்தவர்கள், பணத்தையும் அதிகாரத்தையும் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதே அந்தப் பாடம்.

இரண்டு சாவிகள்

1914 முதல் 1918 வரை முதல் உலக யுத்தம் நடந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் அந்த யுத்தத்துக்குப் போனார்கள். எங்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை நாடெங்கும் பலமாக எழுந்தது. 1919-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு புதிய சட்டம் செய்தது. இந்திய மந்திரி மாண்டேகு, வைசிராய் செம்ஸ்போர்டு ஆகிய இருவர் பெயராலும் அதை மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று சொல்லுவார்கள்.

அந்தச் சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பிரித்தது. அதனால் இரட்டை ஆட்சி என்று பெயர்.

ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் மகனைக் கூப்பிடுகிறார். இன்று முதல் அரிசி அறைச் சாவி உன்னிடம் என்று கொடுக்கிறார். பணப்பெட்டிச் சாவியைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொள்கிறார். வாசல் காவல்காரனும் தம் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். இரட்டை ஆட்சி இதுதான்.

கல்வி, பொதுச் சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள், விவசாயம், கூட்டுறவு, மராமத்து, பத்திரப் பதிவு போன்ற இலாகாக்கள் மந்திரிகளிடம் மாற்றப்பட்டன. இவர்கள் சட்டசபையில் ஜனங்களின் பிரதிநிதிகள். சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

போலீஸ், நீதி, நிலவரி, நீர்ப்பாசனம், நிதி ஆகியவை மாற்றப்படவில்லை. அவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும் இருந்தன. அந்த நிர்வாக சபையார் சட்டசபைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

இப்படி மேலே உள்ள ஆட்சி கீழே உள்ள ஆட்சிக்குச் சில அதிகாரங்களை ஒப்படைப்பதற்கு அதிகாரப் பகிர்வு என்று பெயர். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்படைத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மேலே உள்ளவர்களுக்கு வழி உண்டு. மந்திரியின் யோசனையைத் தள்ளிவிடவும் கவர்னருக்குச் சட்டம் இடம் கொடுத்தது. மந்திரிகள் பதவியில் இருப்பதே கவர்னர் விரும்பும் வரையில்தான்.

கடலூர்க்காரருக்கு அழைப்பு

1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 4 கோடி. ஓட்டு உரிமை பெற்றவர்கள் சுமார் 12½ லட்சம் பேர். பெண்களுக்கு ஓட்டு கிடையாது. காங்கிரஸ் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியிருந்ததால் தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கில் ஒருவர்தான் ஓட்டுப் போட வந்தார்கள்.

தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 98. நீதிக் கட்சி 63 இடங்களைப் பிடித்தது.

இனி மந்திரிகளை நியமிக்க வேண்டும். சட்டம் என்ன சொன்னது? கவர்னர் மந்திரிகளை நியமிக்கலாம் என்று சொன்னது; அவ்வளவுதான். பெரிய கட்சியின் தலைவரை அழைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மந்திரிகளில் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கவர்னர் தம் மனம் போல ஆளுக்கு ஒரு பக்கம் பொறுக்கி எடுக்கலாம். மற்ற மாகாணங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

சென்னையில் கவர்னராக இருந்தவர் வெலிங்டன் பிரபு. அவர் இங்கிலாந்தின் பார்லிமெண்டில் பத்தாண்டு அங்கத்தினராக இருந்தவர். மன்னர் பெரிய கட்சியின் தலைவரை அழைப்பார், அந்தத் தலைவர் மற்ற மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பார் என்ற வழக்கத்தை நேரில் கண்டவர். அந்த வழக்கத்தையே சென்னையிலும் கையாளுவது என்று முடிவு செய்தார்.

நீதிக் கட்சியின் தலைவர் தியாகராய செட்டியாரை அழைத்தார். அவர் பதவியை ஏற்க விரும்பவில்லை. சுப்பராயலு ரெட்டியாரின் பெயரைச் சொன்னார்.

1920-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி சுப்பராயலு ரெட்டியார் பதவி ஏற்றார். அவரோடு பி. ராமராயநிங்கார், கே. வெங்கடரெட்டி நாயுடு ஆகிய இருவரும் மந்திரிகள் ஆனார்கள். ராமராயநிங்கார்தான் பிற்காலத்தில் பனகல் ராஜா என்று புகழ் பெற்றவர். சுப்பராயலு ரெட்டியாரை முதல் மந்திரி என்று அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 65.

சட்டத்தில் இல்லாத ஒரு நாற்காலி இப்படித்தான் சென்னைக் கோட்டைக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தது சட்டம் அல்ல, வழக்கம்.

பணப்பெட்டி எங்கே?

1921 ஜனவரியில் இங்கிலாந்து மன்னரின் சிறிய தகப்பனார் கன்னாட் கோமகன் வந்து புதிய சட்டசபையைத் திறந்து வைத்தார். கோட்டையில் சட்டசபை கூடியது.

சுப்பராயலு ரெட்டியார் கல்வி இலாகாவை வைத்துக்கொண்டார். ஜனங்களுக்கு மிகவும் வேண்டியது அதுதான். எழுத்தறிவு இல்லாதவர்களே பெரும்பாலோர். முந்தின ஆண்டுதான், அதாவது 1920-ல், ஆரம்பக் கல்விச் சட்டம் ஒன்று வந்திருந்தது. ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும்; வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. பணம்?

புதிய ஏற்பாட்டின்படி மாகாணங்கள் ஒவ்வோர் ஆண்டும் டில்லி சர்க்காருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். மெஸ்டன் பிரபு தலைமையில் ஒரு கமிட்டி கணக்குப் போட்டது. எல்லா மாகாணங்களும் சேர்ந்து கட்ட வேண்டியது 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது 348 லட்சம்! மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பம்பாய் கட்டியது 56 லட்சம். வங்காளம் 63 லட்சம்.

மிஞ்சிய பணமும் மந்திரிகள் கையில் இல்லை. நிதி இலாகா நிர்வாக சபையாரிடம் இருந்தது. ஒரு மந்திரி பள்ளிக்கூடம் வேண்டும் என்றால், தமக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும். சட்டசபையில் எழுந்து, ஏன் பள்ளிக்கூடம் திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கோ மந்திரிதான் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற மந்திரிகளின் கதையும் இதுதான். வெங்கடரெட்டி நாயுடுவிடம் அபிவிருத்தி இலாகா இருந்தது. காடு இல்லாத அபிவிருத்தி மந்திரியாகவும், தண்ணீர்ப் பாசனம் இல்லாத விவசாய மந்திரியாகவும் தாம் இருந்ததாக அவர் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டது பிரசித்தம்.

பொறுப்பு ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில்

1921 ஜூன் மாதத்தில் சென்னை பெரம்பூரில் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலை நிறுத்தம் தொடங்கியது. அது பல மாதம் நீடித்தது. ஆலைப் பகுதியில் கலகமும் தீ வைப்பும் துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தன. நகரமே கலங்கியது.

பழி யார் மேல் விழுந்தது? ஆட்சியில் இருந்த கட்சியின் மேலும் விழுந்தது. ஆனால் போலீஸ் மந்திரிகளிடம் இல்லை. அது மாற்றப்படாத இலாகா. ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது, நம் ஆட்கள் மந்திரியாக இருக்கிறார்கள் என்பதுதான்.

அதிகாரப் பகிர்வின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வேலையைக் கொடுத்துப் பணத்தைக் கொடுக்காவிட்டால், கெட்ட பெயர் வேலை செய்பவனுக்கு வரும். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால், ஜனங்களுக்கு யாரைக் கேள்வி கேட்பது என்றே தெரியாது.

ஒரு நல்ல நாள்

இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் அந்தச் சட்டசபை செய்த ஒரு காரியம் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. சட்டசபை விரும்பினால் பெண்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்று 1919-ம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தன. 1921-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னைச் சட்டசபை அந்தக் கதவைத் தள்ளித் திறந்தது. பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னைதான். பம்பாய் அதற்குப் பிறகுதான் செய்தது.

ஓட்டு கிடைத்தது சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான். ஆனாலும் வழி பிறந்துவிட்டது. சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சட்டசபையில் அங்கத்தினர் ஆனார். 1927-ல் அதன் உதவித் தலைவரும் ஆனார்.

நாற்காலி நிலைத்தது

முதல்-மந்திரியின் உடல் நலம் கெட்டது. 1921-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி சுப்பராயலு ரெட்டியார் ராஜினாமா செய்தார். ஏழு மாதம்கூட நிறையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

ஏழு மாத ஆட்சியில் என்ன பெரிதாகச் செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். அவர் விலகிய நாளில் நடந்ததைப் பாருங்கள். அதில் பதில் இருக்கிறது.

முதல்-மந்திரி விலகியதும் கவர்னருக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. சட்டத்தில் அப்படி ஒரு பதவியே இல்லை, எல்லாம் ஒரு பரீட்சைக்குச் செய்தோம் என்று விட்டுவிடலாம். யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. இல்லாவிட்டால், அதே கட்சியிலிருந்து இன்னொருவரை முதல்-மந்திரி ஆக்கலாம்.

கவர்னர் இரண்டாவது வழியைப் பிடித்தார். பனகல் ராஜா முதல்-மந்திரி ஆனார். ஒருமுறை செய்வது ஓர் ஏற்பாடு. அடுத்த ஆளும் அதே முறையில் வந்து உட்கார்ந்தால், அதுதான் வழக்கம். சுப்பராயலு ரெட்டியார் எழுந்து போன பிறகும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது.

வாக்குறுதிக்குக் கிடைத்த மதிப்பு

இரட்டை ஆட்சி 1937 வரை ஓடியது. கல்வி மாற்றப்பட்ட இலாகாவாக இருந்த அந்தக் காலத்தில்தான் சிதம்பரத்தில் ஒரு சர்வகலாசாலை பிறந்தது. சுப்பராயலு ரெட்டியார் பதவி ஏற்ற அதே 1920-ல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியிருந்தார். சென்னைச் சட்டசபை சட்டம் செய்து கொடுக்க, 1929-ல் அண்ணாமலை சர்வகலாசாலை உருவாயிற்று. கொடை வள்ளலின் பணமும் சட்டசபையின் சட்டமும் சேர்ந்தபோது, அரைகுறை அதிகாரத்திலும் ஒரு பெரிய காரியம் நடந்தது.

1935-ம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களின் எல்லா இலாகாக்களையும் மந்திரிகளிடம் கொடுத்தது. ஆனால் கவர்னருக்கு விசேஷ அதிகாரங்களை வைத்தது. 1937 தேர்தலில் சென்னையில் காங்கிரஸ் பெரும் வெற்றி அடைந்தது. ஆனாலும் உடனே பதவி ஏற்கவில்லை. அன்றாட ஆட்சியில் கவர்னர் தலையிடமாட்டார் என்று முதலில் சொல்லுங்கள் என்றது. எழுத்தில் உள்ள அதிகாரத்தைவிட, அதைப் பயன்படுத்துவதில்லை என்ற வாக்குறுதிதான் முக்கியம் என்று காங்கிரஸ் தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். வைசிராயின் விளக்கம் வந்த பிறகு, ஜூலை மாதத்தில் ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். இடைப்பட்ட மூன்று மாதம் முதல்-மந்திரியாக இருந்தவர் யார் தெரியுமா? 1920-ல் சுப்பராயலு ரெட்டியாரோடு மந்திரியான அதே வெங்கடரெட்டி நாயுடு!

1950 ஜனவரி 26-ந் தேதி நம் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் 164-வது பிரிவில் முதல்-மந்திரி என்ற பதவி கறுப்பு மையில் எழுதப்பட்டது. கடலூர்க்காரர் உட்கார்ந்த நாற்காலிக்கு முப்பது ஆண்டு கழித்துப் பட்டா கிடைத்தது.

எழுதிய பிறகும் எழுதாதது உண்டு

எழுதிவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. முதல்-மந்திரியைக் கவர்னர் நியமிப்பார் என்றுதான் அந்தப் பிரிவு சொல்லுகிறது. யாரை நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டசபையில் பெரும்பான்மை பலம் உள்ளவரை அழைப்பது இன்றும் வழக்கம்தான்.

இதைத் தென்னாற்காடு நேரில் கண்டது. 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. கடலூரைச் சேர்ந்த எஸ். எஸ். ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட வேளையில் ஒவ்வோர் ஓட்டும் தங்கம். யாரை அழைப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைத்தார். தேர்தலில் நிற்காதவரை மேல்சபைக்கு நியமித்து அழைத்தது சரியா, தவறா என்று பலத்த விவாதம் நடந்தது. 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் படையாச்சியாரும் மந்திரி ஆனார்.

பெரும்பான்மை யாருக்கு என்பதைக் கவர்னர் மாளிகையில் அல்ல, சட்டசபையில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1994-ல் பொம்மை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நல்ல வழக்கங்கள் மீறப்படும்போதுதான் அவற்றைக் காப்பாற்றக் கோர்ட்டு வர வேண்டியிருக்கிறது.

சீமையிலும் அதே பெயர்

கடைசியாக ஒரு விஷயம். சுப்பராயலு ரெட்டியார் முதல்-மந்திரியாக இருந்த அதே நாட்களில், 1921 ஜூன் 22-ந் தேதி, வட அயர்லாந்தில் ஒரு தனிப் பார்லிமெண்டை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். அதுவும் லண்டன் ஒப்படைத்த அதிகாரம்தான். ஐம்பது ஆண்டு நடந்தது. 1972-ல் அங்கே கலகம் முற்றியபோது லண்டன் அதை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ஒழித்தே விட்டது. கொடுத்த கை எடுத்துக்கொண்டது.

1999-ல் ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் தனிச் சட்டசபைகள் ஏற்பட்டன. வட அயர்லாந்திலும் புதிய ஏற்பாடு வந்தது. ஒப்படைத்த விஷயங்களில் அந்தச் சபைகளின் சம்மதம் இல்லாமல் லண்டன் சாதாரணமாகச் சட்டம் செய்யாது என்பது வழக்கம். அதைச் சட்டத்திலும் எழுதிப் பார்த்தார்கள். ஆனால் அது அரசியல் வழக்கமே, கோர்ட்டு அதை வற்புறுத்த முடியாது என்று 2017-ல் லண்டன் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அந்த ஆட்சிகளின் தலைவர்களை எப்படி அழைக்கிறார்கள்? முதல் மந்திரி என்றுதான்! 1920-ல் நம் கடலூர்க்காரரை அழைத்த அதே பெயர்.

பீரங்கிக் குண்டு விழுந்த தூரத்தை எல்லையாக வைத்து ஆட்சி தொடங்கிய ஊர் கடலூர். ஓட்டு எண்ணிக்கையை எல்லையாக வைத்த ஆட்சிக்கு முதலாவது தலைவரைத் தந்ததும் அதே கடலூர்தான்.

அவருக்குக் கிடைத்தது அரை அதிகாரம். ஏழு மாத காலம். ஆனால் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கட்சிதான் தலைவரைத் தர வேண்டும் என்ற வழக்கம் அவரிடமிருந்துதான் தொடங்கியது. வழக்கத்தைக் காப்பாற்றப் போலீஸ் கிடையாது; கோர்ட்டும் எல்லா நேரத்திலும் வராது. அது மீறப்படும்போது, இது முறையல்ல என்று சொல்லும் ஜனங்கள்தான் அதற்குக் காவல். அடுத்த தேர்தலில் யார் முதல்-மந்திரி என்று கேட்கும்போது, அந்தக் காவல் வேலை நம்முடையது என்பதையும், முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கடலூர்ப் பெரியவரையும் நினைத்துக்கொள்வோம்.